உப்பு நகரத்தில் தமிழ் ஓலைகள்

ஜெர்மனிக்குச் செல்லும் இந்தியப் பயணிகளின் பட்டியலில் ஹாலே என்ற பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது. ஹைடல்பெர்க், ரோத்தன்புர்க் போன்ற ஊர்களின் படங்கள் நாள்காட்டிகளில் தொங்கும். ஸாலே ஆற்றங்கரையில் உள்ள இந்த நகரத்தின் படம் அங்கே இருக்காது. ஆயினும் தமிழ் அச்சின் வரலாற்றையோ தமிழ் இலக்கணத்தை ஐரோப்பியர் கற்ற வரலாற்றையோ ஒருமுறையேனும் புரட்டியவர்களுக்கு ஹாலே நெடுநாள் பழகிய பெயர். தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு எழுதிய கடிதங்கள் வந்து சேர்ந்த ஊர் இது. லைப்ஸிக்கில் புறநகர் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்திற்குள் இறங்கிவிடலாம். பழைய நகரம் முழுவதையும் ஒரே பகலில் நடந்தே பார்க்கலாம். அப்படி நடப்பவருடன் ஒரு கேள்வியும் கூடவே நடந்துவரும்: ஒரு நகரம் எவற்றைக் காக்கிறது, எந்தப் பெயரில் காக்கிறது, எவற்றைத் தவறவிடுகிறது?

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் பழமை எதுவும் கண்ணில் படாது. வண்டிகள் சுழன்று செல்லும் ரீபெக் சதுக்கத்தைக் கடந்த பிறகே வாகனங்கள் இல்லாத லைப்ஸிக் தெரு தொடங்குகிறது. அதன் நடுவே லைப்ஸிக் கோபுரம் தனித்து நிற்கிறது. இடிக்கப்பட்ட நகர மதிலில் எஞ்சிய காவற்கோபுரம் அது. அங்கிருந்து தெரு மெல்லச் சரிந்து சந்தைச் சதுக்கத்தில் முடிகிறது. பழைய வீடுகள் இத்தனை வரிசையாக நிற்பது தற்செயலன்று. இரண்டாம் உலகப்போரில் பல ஜெர்மானிய நகரங்கள் தரைமட்டமானபோது ஹாலே ஒப்பளவில் குறைந்த சேதத்துடன் தப்பியது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நகரை நெருங்கியபோது நகரத்தார் சிலர் பேச்சுவார்த்தைக்கு முன்வந்ததால் பேரழிவு தவிர்க்கப்பட்டது. அந்த நாட்களில் தீப்பற்றிய சிவப்புக் கோபுரத்தின் கூம்பு மட்டும் 1970களில்தான் மீண்டும் எழுப்பப்பட்டது.

சந்தைச் சதுக்கத்தில் ஐந்து கோபுரங்கள் நிற்கின்றன. 84 மீட்டர் உயரமுள்ள சிவப்புக் கோபுரம் 1418 முதல் 1506 வரை கட்டப்பட்டது. மற்ற நான்கும் சந்தைத் தேவாலயத்திற்கு உரியவை. ஒரே தேவாலயத்திற்கு இருவகைப்பட்ட நான்கு கோபுரங்கள் ஏன் என்று புதிதாக வருபவர் வியக்கக்கூடும். முன்பு அங்கே அடுத்தடுத்து இரண்டு தேவாலயங்கள் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் கர்தினால் ஆல்பிரெக்ட் அவற்றின் உடற்பகுதிகளை இடிக்கச் செய்து, கோபுரங்களை மட்டும் நிறுத்தி, இடையே புதிய கூடம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையால் 1517இல் லூதரின் சினத்திற்கு ஆளானவர் இதே ஆல்பிரெக்ட். பழைய மதத்தின் கோட்டையாக அமைய வேண்டும் என்று அவர் எண்ணிய கட்டடம், 1541இல் அவர் நகரைவிட்டு வெளியேறியபின் சீர்திருத்தத் திருச்சபையின் கைக்கு வந்தது. 1546 பிப்ரவரியில் ஐஸ்லேபனில் இறந்த லூதரின் உடல் விட்டன்பெர்க் செல்லும் வழியில் ஓர் இரவு இங்கேயே வைக்கப்பட்டது. அவருடைய முகத்திலிருந்து எடுத்த மெழுகு வார்ப்பு இன்றும் இங்கே காட்சிக்கு உள்ளது. 1685இல் இந்நகரில் பிறந்த இசையமைப்பாளர் ஹேண்டல் திருமுழுக்குப் பெற்றதும் இத்தேவாலயத்தில்தான். கட்டியவரின் நோக்கத்தை மீறிக் கட்டடம் வாழ்ந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பிற்பகலில் ஓலைகளின் முன் நிற்கும்போது இந்தக் கட்டடம் மீண்டும் நினைவுக்கு வரும்.

தேவாலயத்தின் மேற்குப் புறத்தில் படிகள் கீழே இறங்குகின்றன. அங்கே விரியும் சமதளத்திற்கு ஹால்மார்க்ட் என்று பெயர். இன்று நீரூற்றும் டிராம் நிறுத்தமும் உள்ள அந்தப் பள்ளத்தில்தான் நகரத்தின் பழைய செல்வம் ஊறியது. நான்கு கிணறுகளிலிருந்து உவர்நீரை இறைத்து, குடிசைகளில் பெரிய வட்டில்களில் ஊற்றிக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். வேதாரண்யத்தில் வெயில் செய்யும் வேலையை இங்கே விறகு செய்தது. உப்புத் தொழிலாளர்களுக்கு ஹலோரன் என்று பெயர். அவர்களுக்கென்று சகோதரக் கழகமும் தனி உடையும் சலுகைகளும் இருந்தன. அந்த உடையின் வெள்ளிப் பொத்தானை ஒத்த உருண்டை மிட்டாயை, 1804இல் தோன்றிய ஹாலேயின் சாக்லேட் நிறுவனம் ஹலோரன் என்ற பெயரிலேயே இன்றும் விற்கிறது.

ஊரின் பெயருக்கும் உப்புக்கும் உள்ள உறவு மொழியியலாளர்களின் பழைய வழக்கு. ஹாலைன், ஹால்ஸ்டாட், ரைஷன்ஹால், ஷ்வேபிஷ் ஹால் என்று உப்பு விளைந்த ஊர்கள் பலவற்றின் பெயரில் ‘ஹால்’ வருகிறது. வெல்ஷ் மொழியில் உப்பு ‘ஹாலென்’, ஜெர்மனில் ‘ஸால்ட்ஸ்’. சொல் முதலில் நின்ற சகர ஒலி ஹகரமாகத் திரிந்த கெல்ட்டியச் சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். இதில் ஓர் இடர் உண்டு. அந்தத் திரிபு பிரிட்டன் தீவின் கெல்ட்டிய மொழிகளில் நிகழ்ந்தது. ஐரோப்பிய நிலப்பரப்பின் பண்டைக் கெல்ட்டிய மொழியில் சகரம் அப்படியே நிலைத்திருந்தது. எனவே உப்புக் காய்ச்சும் கூடத்தைக் குறித்த ஜெர்மானியச் சொல்லே இது என்று வேறு சிலர் வாதிடுகின்றனர். உப்புக் குடிசைகள் மறைந்துவிட்டன. அவற்றின் பெயர் மட்டும், தன் பொருளை யாருக்கும் முழுதாகச் சொல்லாமல், ஊரின்மேல் நின்றுவிட்டது.

அங்கிருந்து வடக்கே சில நிமிடங்கள் ஏறி நடந்தால் பல்கலைக்கழகச் சதுக்கம். முதன்மைக் கட்டடத்தின் படிக்கட்டில் இரண்டு சிங்கச் சிலைகள் படுத்திருக்கின்றன. 1694இல் தோன்றிய இப்பல்கலைக்கழகத்தின் முன்னோடிகளில் ஒருவர் கிறிஸ்டியான் தொமாசியுஸ். கல்விக்கூடங்களில் லத்தீன் கோலோச்சிய காலத்தில், 1687இல், லைப்ஸிக்கில் ஜெர்மன் மொழியில் விரிவுரை ஆற்றப்போவதாக அறிவித்துப் பெரும் சலசலப்பை உண்டாக்கியவர் அவர். அங்கே எதிர்ப்பு முற்றியபின் ஹாலே அவருக்குப் புகலிடம் தந்தது. தாய்மொழியில் உயர்கல்வி சாத்தியமா என்ற விவாதம் தமிழருக்குப் புதிதன்று. அந்த விவாதத்தின் ஜெர்மானியப் பதிப்பு நடந்த தெருக்களில் இவையும் சில. 1754இல் டொரோதேயா எர்க்ஸ்லேபன் என்ற பெண் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றதும் இங்கேதான். ஜெர்மனியில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர்.

சதுக்கத்தின் அருகே ஓர் ஆப்பிரிக்க ஆணும் பெண்ணும் நிற்கும் வெண்கலச் சிற்பம் இருக்கிறது. அதையொட்டிய நினைவுப் பலகை அன்டன் வில்ஹெல்ம் ஆமோவின் பெயரைத் தாங்கியுள்ளது. இன்றைய கானாவில் பிறந்து, சிறுவனாகவே ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு ஜெர்மானியக் கோமகனின் அரசவையில் வளர்ந்தவர் ஆமோ. 1727இல் ஹாலேயில் மாணவராகச் சேர்ந்தார். 1729இல் ஐரோப்பாவில் கறுப்பின மக்களுக்குள்ள உரிமைகள் பற்றிச் சட்ட விவாதம் ஒன்றை முன்வைத்தார். பின்னர் இதே பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்தார். அந்த 1729ஆம் ஆண்டு விவாதத்தின் பனுவல் இன்று கிடைக்கவில்லை; அது நடந்தது என்ற செய்தி மட்டுமே அக்கால இதழ் ஒன்றின் வழியாக எஞ்சியுள்ளது. சிறுகாகிதத்தையும் எண்ணிட்டு அடுக்கும் நகரம் என்று பெயர் பெற்ற ஹாலேயில் இது தவறிப்போயிற்று. ஆவணக் காப்பகங்களின் பெருமையைப் பேசுவோர் இந்த வெற்றிடத்தின் முன்னாலும் சற்று நிற்பது நல்லது.

மீண்டும் சந்தைக்கு வந்து தெற்கே திரும்ப வேண்டும். பழைய சந்தையில் கழுதை நீரூற்றைக் கடந்து, ரானிஷே தெருவில் நடந்தால், பத்து நிமிடத்திற்குள் ஃபிராங்கே சதுக்கம் வந்துவிடும். அங்கே தலைக்குமேல் ஒரு மேம்பாலச் சாலை இரைகிறது. 1964 முதல் ஆற்றுக்கு அப்பால் வேதியியல் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட புதுநகரத்தைப் பழைய நகரத்துடன் இணைக்க, கிழக்கு ஜெர்மானிய அரசு போட்ட சாலை அது. பாலத்தைத் தாண்டியதும், முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகளுடன் ஒரு நெடிய கட்டடம் எதிர்ப்படும். 1698இல் அடிக்கல் நாட்டப்பட்ட அனாதை இல்லம் அது.

அந்த இடம் அன்று நகர மதிலுக்கு வெளியே இருந்த கிளாவுகா என்ற ஏழைப் புறநகர். மதுக்கடைகளுக்குப் பெயர் போனது. அங்கே போதகராக வந்த ஆகுஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே, 1695இல் தம் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் விழுந்த 4 தாலர் 16 குரோஷன் பணத்தைக் கொண்டு ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். சில பதிற்றாண்டுகளில் அது ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. பள்ளிகள், விடுதிகள், அச்சகம், புத்தகக்கடை, மருந்தகம் எல்லாம் ஒரே முற்றத்தின் இருமருங்கிலும் எழுந்தன. மரச்சட்டங்களாலான ஆறு தள நீள்மாளிகை நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு நிற்கிறது. மருந்து விற்பனையிலும் நூல் விற்பனையிலும் வந்த பணம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. 1710இல் இங்கே தொடங்கிய விவிலிய நிறுவனம், கோத்த எழுத்துப் பக்கங்களைக் கலைக்காமல் அப்படியே வைத்துத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, விவிலியத்தின் விலையை ஏழைகளுக்கு எட்டும்படி குறைத்தது.

இந்த முற்றத்திற்கும் தரங்கம்பாடிக்கும் இடையிலான பாதை 1706 ஜூலையில் திறந்தது. ஹாலேயில் சிறிது காலம் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்குவும் அவருடைய தோழர் புளுட்சோவும் டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். தமிழ் எழுதப் பழக அவர்கள் கண்ட வழி எளியது. உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் பள்ளியைத் தங்கள் வீட்டிலேயே நடத்தும்படி வேண்டினர்; பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துகளைக் கற்றனர். கற்ற சீகன்பால்கு 1708இல் தம்மிடமிருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றை எழுதினார். அதே ஆண்டில் கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். மணற்பள்ளியின் பாடநூல்களே அவருடைய முதல் மொழிபெயர்ப்புகளாயின. அவருக்கு மணலில் எழுதக் காட்டிய ஆசிரியரை மட்டும் இவ்வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ‘ஓர் ஆசிரியர்’ என்றே சொல்லி நகர்கின்றன.

அனாதை இல்லத்தின் மேல்மாடத்தில், மரச்சாய்வுக் கூரையின் கீழ், அந்நாளைய அதிசயப் பொருட்கூடம் இன்றும் இருக்கிறது. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பெரிய மாதிரி ஒன்று நடுவே நிற்கிறது. வண்ணம் தீட்டிய 16 பேழைகளில் ஏறத்தாழ 3000 பொருள்கள் உள்ளன. 1741இல் அமைந்த ஒழுங்கு ஏறக்குறைய அப்படியே காக்கப்பட்டுள்ளது. சிப்பிகளும் கனிமங்களும் மாதிரிக் கப்பல்களும் அடுக்கிய அதே கூடத்தில் தரங்கம்பாடியிலிருந்து வந்த பனையோலைகளும் உள்ளன. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே நிற்பது ஒரு விசித்திரமான அனுபவம். சுற்றியிருப்போர் முதலையைப் பார்ப்பது போலவே ஓலையையும் பார்க்கிறார்கள். அவருக்கோ அது வாசிக்கத்தக்க ஒன்று. காட்சிப்பொருளுக்கும் நூலுக்கும் இடையே உள்ள வேறுபாடு பார்ப்பவரின் எழுத்தறிவில்தான் இருக்கிறது.

ஓலைகளும் கடிதங்களும் இங்கே ‘மலபாரி’ என்ற தலைப்பின் கீழ் வகைப்படுத்தப்பட்டன. போர்த்துக்கீசியர் மேற்குக் கடற்கரையில் பழகிய பெயரைக் கிழக்குக் கடற்கரைக்கும் நீட்டிவிட, சோழமண்டலத்துத் தமிழும் ஐரோப்பியர் வாயில் மலபார் மொழியாயிற்று. சீகன்பால்கு தம் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1716இல் ஹாலேயில் அச்சிட்டபோது, ‘கிராமாடிகா தமுலிகா’ என்று தலைப்பில் தமிழின் பெயரைச் சரியாகவே வைத்தார். ஆனாலும் அந்த நீண்ட தலைப்பிற்குள் ‘தமிழ் அல்லது மலபாரி’ என்று விளக்கம் சேர்க்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் அதுவரை அறியப்படாத மொழி என்றும் அத்தலைப்பு சொல்கிறது. அது முழு உண்மையன்று. பதினாறாம் நூற்றாண்டிலேயே அன்றிக் அடிகளார் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதியிருந்தார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சேறியிருந்தது. ஒரு நகரம் தான் அறிந்த நாளையே உலகம் அறிந்த நாளாக எண்ணுவது வழக்கமான மயக்கம்தான்.

தமிழுக்கான ஈய எழுத்துகளும் ஹாலேயில்தான் வார்க்கப்பட்டன. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய எழுத்து வடிவங்களைப் பார்த்து, தமிழ் அறியாத கைவினைஞர்கள் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். 1713இல் அவை கடல் கடந்து வந்து சேர்ந்தன. ஆனால் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு ஒரு முழு நூலை அச்சிடக் காகிதம் போதாது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் புதிதாக வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. மொழியின் உருவத்தைத் தொலைவிலிருந்து வரைந்துவிடலாம். அதன் அளவைக் கற்றுக்கொள்ள அது புழங்கும் இடத்திற்கே வர வேண்டியிருந்தது.

1714இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட சீகன்பால்குவுடன் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கப்பலேறினார். ஹாலேயில் அந்த இலக்கணம் உருவான நாட்களில் தமிழைத் தாய்மொழியாகப் பேசிய ஒருவர் உடனிருந்தார் என்பதை நினைவில் கொண்டு இந்த முற்றத்தில் நடக்க வேண்டும். அதே ஆண்டுகளில் மிஷனரிகள் சமயம், பழக்கவழக்கம், கல்வி பற்றித் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். அவை இங்கே அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்ன சொற்கள் ஐரோப்பிய வாசகரின் மேசைக்கு இப்படித்தான் சென்றன. எழுதியவர்களின் பெயர்கள் அவற்றில் இடம்பெறவில்லை.

வேறு சில எழுத்துகளுக்கு அச்சும் கிடைக்கவில்லை. சீகன்பால்கு 1711இல் தமிழர் சமயம் பற்றி எழுதிய பெருநூல் 1926இல்தான் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 1713இல் முடித்த ‘மலபார்த் தெய்வங்களின் மரபுவரிசை’ 1867இல் சென்னையில் அச்சேறியது. கொன்றை வேந்தனின் ஜெர்மன் வடிவம் 222 ஆண்டுகள் காத்திருந்து 1930இல் வெளியாயிற்று. மிஷனரிகள் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை ஒழிக்கவே, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்ற பொருளில் ஃபிராங்கே மறுத்ததாக இந்நூல்களின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அவருடைய நிலையிலிருந்து பார்த்தால் அது முரணற்ற முடிவே. சீகன்பால்குவோ மதம் மாற்றச் சென்றவர். சென்ற இடத்தில் தாம் கண்டதை எழுதாமல் இருக்க முடியாதவராக ஆனார். அச்சிட மறுத்த ஃபிராங்கேயின் நிறுவனமே தரங்கம்பாடியின் ஓலைகளையும் கடிதங்களையும் பேணிக்காத்தது. காலையில் பார்த்த தேவாலயம் இங்கே நினைவுக்கு வருகிறது. சந்தைச் சதுக்கத்தில் கட்டியவரின் விருப்பத்தைக் கட்டடம் மீறியது போல, இந்த முற்றத்தில் சேகரித்தவரின் நோக்கத்தைச் சேகரிப்பு மீறியிருக்கிறது.

அதன் பின்னும் தமிழ் இந்த முற்றத்தில் ஒலித்தது. சென்னையில் பணியாற்றி 1743இல் திரும்பிய பெஞ்சமின் சூல்ட்சே இங்கே தெலுங்கில் நூல்கள் அச்சிட்டார். பின்னாளில் தஞ்சை அரசவையில் செல்வாக்குப் பெற்ற சுவார்ட்ஸ், இந்தியாவுக்குக் கப்பலேறும் முன்பே ஹாலேயில் சூல்ட்சேயிடம் தமிழ் பயின்றார். 1779இல் வேப்பேரியில் அச்சான தமிழ் அகராதியின் ஆசிரியர் பப்ரிசியுஸும் இங்கே படித்தவரே. தரங்கம்பாடி அச்சகமோ, தன் சமயப் போட்டியாளரான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது. பேச்சுத்தமிழை இழிவென்று புலவர்கள் ஒதுக்கிய காலத்தில் அயலார் தம் தேவைக்காக அதற்கு இலக்கணம் எழுதினர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் எவ்வாறு பேசப்பட்டது என்று ஆராய்பவருக்கு அந்நூல்கள் இன்று கிடைத்தற்கரிய சான்றுகள்.

இந்தக் கட்டடங்களும் ஒருமுறை அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்டவை. 1946இல் அறக்கட்டளை தன் தனியுரிமையை இழந்து பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. பராமரிப்பின்றிக் கூரைகள் ஒழுகின, சுவர்கள் சரிந்தன. ஜெர்மனி இணைந்த பிறகே நிறுவனம் மீட்டமைக்கப்பட்டு, பால் ராபே என்ற நூலக அறிஞரின் தலைமையில் புதுப்பிப்பு நடந்தது. 1728இல் கட்டிமுடித்த நூலகத்தில், நாடக மேடையின் பக்கத்திரைகள் போல இருபுறமும் நீண்டு நிற்கும் புத்தக அடுக்குகளை இன்று காணும் எவரும், அவை விழுந்துவிடக்கூடியவையாக இருந்தன என்பதை நம்பமாட்டார்.

காப்பகத்தில் உள்ள இந்தத் தமிழ்ச் செல்வத்தை இனி யார் படிப்பார்கள்? ஓலைகளைப் படிக்கப் புள்ளியில்லாத பழந்தமிழ் எழுத்து தெரிய வேண்டும். உடனிருக்கும் கடிதங்களைப் படிக்க ‘குர்ரென்ட்’ எனப்படும் பழைய ஜெர்மன் கையெழுத்து தெரிய வேண்டும். இன்றைய ஜெர்மானியர் பலருக்கே அது விளங்காது. லத்தீனும் டேனிஷும் இடையிடையே வரும். இவையெல்லாம் ஒருவரிடம் சேர்வது அரிது. ஜெர்மனியில் தமிழ் கற்பிக்கும் இடங்கள் சிலவே. கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பிரிவு மூடப்படும் நிலை வந்தபோது தமிழக அரசு நிதி வழங்க நேர்ந்தது. தமிழ்நாட்டிலோ, பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தமிழ் ஆய்வு மாணவர்களைப் பயிற்றும் துறையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஓலை கெடாமல் இருக்கக் குளிரூட்டிய அறை போதும். அது நூலாக இருப்பதற்கு ஒவ்வொரு தலைமுறையிலும் நாலைந்து வாசகர்கள் வேண்டும். அந்த வாசகர் இல்லாமல் போனால் ஓலை மீண்டும் முதலையின் பக்கத்துப் பேழைக்கே திரும்பிவிடும்.

ஹாலே செல்ல விரும்புவோர் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும். அன்று பொருட்கூடம் மூடியிருக்கும். காலையில் உப்புக் கிணறுகள் இருந்த பள்ளத்திலிருந்து தொடங்கி, நண்பகலில் ஆமோவின் நினைவுப் பலகையைப் பார்த்து, பிற்பகலில் தெற்கே இறங்குவது வசதியான வழி. அனாதை இல்லத்தின் முற்றத்தில், மரங்களின் இறுதியில், இரு பிள்ளைகளுடன் நிற்கும் ஃபிராங்கேயின் சிலை உண்டு. சந்தையில் ஹேண்டலுக்கு உண்டு. மணலில் எழுதக் கற்றுத்தந்த ஆசிரியருக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை. மேல்மாடத்தில் ஓலையின் முன் நிற்கும் தமிழர் அதிலுள்ள ஒரு வரியையேனும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கீழே இறங்கலாம்.